சப்ரும் மூன்று மாதத் தவணையும்

தொண்டூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் நம் பெண்பிள்ளைகள் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் உள்ள கடைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே முதலாளியோ மேற்பார்வையாளரோ தகாத பேச்சுப் பேசியதாக மகள் வந்து சொன்னால், நாம் தரும் பதில் ஒன்றுதான்: "சப்ர் செய்யம்மா, முடியாவிட்டால் நின்றுவிடு." தவறு செய்தவன் நாற்காலியில் நிலைத்திருக்க, தவறிழைக்காதவள் சம்பளத்தை இழக்கிறாள். இதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டியது யார்?

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பெண் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அமைக்கத் தவறும் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நான்கு பேர் மட்டுமே வேலை செய்யும் கடையென்றால், அல்லது முதலாளியே குற்றம் சாட்டப்பட்டவரென்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். செஞ்சிப் பகுதியினருக்கு அது விழுப்புரம் மாவட்டக் குழு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இப்பாதுகாப்பு உண்டு. எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். ஆனால் சம்பவம் நடந்து மூன்று மாதத்திற்குள் புகார் தரப்பட வேண்டும். தக்க காரணமிருந்தால் மட்டுமே மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படும். ஊர் என்ன சொல்லுமோ என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் தவணை கடந்துவிடுகிறது.

மத அடிப்படையிலான பாகுபாட்டில் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசுப் பணிகளுக்கு மட்டுமே உரியது. 2015இல் மும்பையில் ஓர் ஏற்றுமதி நிறுவனம், முஸ்லிம் அல்லாதோரையே எடுப்பதாக இளைஞர் ஒருவருக்கு மின்னஞ்சலில் பதிலனுப்பியது. எழுத்தில் சான்று இருந்ததால் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. வாய்மொழியாக மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிறர் நமக்கிழைக்கும் அநீதியை உரத்துப் பேசும் நாம், நம் கடைகளில் வேலை செய்வோரை எப்படி நடத்துகிறோம்? அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரைத் தாயைச் சொல்லி இழித்தபோது, அறியாமைக் காலக் குணம் இன்னும் எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததையும், பணியாளர்களைச் சகோதரர்கள் என்று குறிப்பிட்டதையும் புகாரியில் காண்கிறோம். பின்னர் அபூதர் (ரலி) தாம் உடுத்தியது போன்ற ஆடையையே தம் பணியாளருக்கும் உடுத்தினார்கள்.

ஜும்ஆ முடிந்ததும் கடை முதலாளிகள் பலர் பள்ளிவாசல் முற்றத்தில்தான் நிற்கின்றனர். "உங்கள் கடையில் புகார்க் குழு இருக்கிறதா?" என்று அவர்களிடம் கேட்க நம் ஜமாஅத்துகள் ஏன் தயங்குகின்றன?