அழாத பிள்ளை

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் காயத்துணி நெய்கிறார்கள். உலகமெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அத்துணியைச் சுற்றுவதற்கு முன் நடக்கவேண்டிய ஒரு காரியத்தைப் பற்றியே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

அவசரப் பிரிவில் வீறிட்டு அழும் பிள்ளையைச் சுற்றித்தான் கூட்டம் கூடுகிறது. அழுவதற்கு மூச்சு வேண்டுமல்லவா, அப்பிள்ளையிடம் அது இருக்கிறது. தாயின் தோளில் துவண்டு, எவரையும் தொந்தரவு செய்யாமல் கிடக்கும் குழந்தையே முதலில் உள்ளே போகவேண்டியது. தோற்றம், மூச்சுவிடும் சிரமம், தோலின் நிறம் மூன்றையும் தொடாமலே அரை நிமிடத்தில் ஒரு செவிலியர் கண்டுவிடுவார். பிறகு சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணவேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே விரைந்த மூச்சுதான்.

இதற்குக் கடிகாரம் போதும். எண்ணும்போது குறுக்கே கூப்பிடாத மனிதர்களும் வேண்டும், அவர்கள்தாம் அரிது. நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் முறை தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு வந்து ஆண்டுகள் சிலவாகின்றன. ஆயினும் வரிசையில் நிற்கும் நமக்கு, பின்னால் வந்த பிள்ளையைச் செவிலியர் முன்னே அழைத்தால் கோபம் வருகிறது. மதுரையின் பெரிய ஆஸ்பத்திரி இங்கிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால். அந்தத் தூரத்தைக் குழந்தை தாங்குமா என்பதை இங்கேயே, அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் கணிக்கவேண்டியிருக்கிறது.