அரக்கோணம் விமானதள வரலாற்றுக்கு லண்டன் போக வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் போருக்காக எங்கள் பக்கத்து ஊரான அரக்கோணத்தில் அமைக்கப்பட்ட விமானதளம்தான் இன்று கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. யார் யார் நிலத்தை எடுத்து அதை அமைத்தார்கள், என்ன இழப்பீடு கொடுத்தார்கள், மண் சுமந்து ஓடுபாதை போட்டவர்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்ல இங்கே ஓர் அலுவலகமும் இல்லை. கேட்பவரையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். இதைக் கண்டித்தே இக்கடிதம்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் 5ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு வீசின. சென்னையில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடிய காலம் அது. போர் நடந்த அந்த ஆண்டுகளில் அரக்கோணம், சோழவரம், தாம்பரம், சூலூர், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று பல ஊர்களில் விமானங்கள் இறங்கின. செங்குன்றம் ஏரியில் கடல் விமானங்களே மிதந்தன. சோழவரம் ஓடுபாதையில் பிற்காலத்தில் கார் பந்தயம் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. அது எதற்காகப் போடப்பட்டது என்று கேட்டால் அவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

வட்டார வரலாறு எழுதும் எண்ணத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "மிலிட்டரி சமாச்சாரம் சார், நமக்கெதுக்கு வம்பு?" என்றார் அங்கிருந்தவர். இன்னோர் அலுவலகத்தில் மனமிரங்கிப் பழைய 'அ' பதிவேடு ஒன்றை எடுத்து வைத்தார்கள். அட்டையைத் திறந்ததுமே தாளின் ஓரங்கள் பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தன. சர்வே எண் பத்தியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. பட்டாதாரர் பெயர்களில் சில மட்டும் மிச்சம். எந்த நிலம் யாருடையது என்பதை இனி அந்தப் பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியாது.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போர் நடந்தபோது எங்கள் ஊரான திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அரக்கோணம் வட ஆர்க்காட்டில். ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. பிறகு திருவள்ளூருக்குப் போனது. அரக்கோணம் வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் ராணிப்பேட்டையில் இருக்கிறது. ஒவ்வொரு பிரிவினையிலும் கோப்புகள் ஊர் மாறின. ஒரு விமானதளத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் கதையை அறிய சித்தூர், வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் என்று நாலு கச்சேரிப் படி ஏற வேண்டியிருக்கிறது. எங்கே எது இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்கூட யாரிடமும் இல்லை.

இதற்கு நேர்மாறான நிலை லண்டனில். அங்குள்ள கியூ ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவுகளின் போர்க்கால நாட்குறிப்புகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் மண்ணில் நடந்ததை அறிய அயல்நாட்டுக்கு விமானச் சீட்டு வாங்க வேண்டும் என்றால் அது யாருக்கு வெட்கக்கேடு? அந்த நாட்குறிப்புகளிலும் விமானிகளின் கணக்குத்தான் இருக்குமே தவிர, நிலத்தைக் கொடுத்த உழவரின் கணக்கு இருக்காது. அது நம் வருவாய்த் துறைக் கோப்புகளில்தான் கிடைக்கும்.

அரக்கோணத்தில் ரயில் ஏறிப் பெங்களூரு போய்ப் பாருங்கள். 1940இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் முதலீட்டோடு தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்தது. அந்தத் தொழிற்சாலையின் கதையைச் சொல்ல 2001 முதல் அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வருகிறார்கள். அரக்கோணத்திலிருந்து பறந்து 2017இல் ஓய்வுபெற்ற டி.யு.-142 விமானம் ஒன்றும் விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிற்கிறது. அது பறந்த ஊருக்கு ஒரு தகவல் பலகைகூடக் கிடையாது.

நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1992 மார்ச் 11இல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த கடற்படைத் தளத்தின் ரகசியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. அதற்கு அரை நூற்றாண்டு முந்தைய நிலக் கோப்புகளைத்தான் கேட்கிறோம். 25 ஆண்டுகள் கடந்த ஆவணங்களை ஆராய்ந்து தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021இல் கொள்கை வகுத்திருக்கிறது. டெல்லிக்கு இல்லாத பயம் தாலுகா அலுவலகத்துக்கு எதற்கு?

அரசு செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, எழும்பூர் ஆவணக் காப்பகம் பொறுப்பேற்று, போர்க்கால விமானதளங்களுக்கு நிலம் எடுத்த கோப்புகள் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் தேடித் தொகுத்து, பட்டியலிட்டு, மின்னுருவாக்க வேண்டும். ஆந்திர அரசிடம் பேசிச் சித்தூரில் உள்ளவற்றுக்கும் நகல் பெற வேண்டும். இரண்டு, அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது 90 வயதுக்கு மேல் ஆகிறது. கல்லூரி வரலாற்றுத் துறைகளைக் கொண்டு அவர்கள் சொல்வதை உடனே பதிவு செய்ய வேண்டும். மூன்று, பொதுமக்கள் பார்க்கும்படி அரக்கோணத்தில் ஒரு சிறிய காட்சிக்கூடமாவது அமைக்க வேண்டும்.

கோப்புகளைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ராணிப்பேட்டை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் கலந்து பேசி, இந்த ஆண்டே இந்தப் பணியைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருத்தணி.