பிழையின்மையே விரைவு

நுழையும்முன்

எழுத்தாணி ஓலையில் எழுதியது. பேனா தாளில் எழுதியது. இன்று விரல்கள் விசைகளில் எழுதுகின்றன. கருவி மாறினும் எழுதுபவரின் பொறுப்பு மாறுவதில்லை. தட்டச்சில் விரைவும் திருத்தமும் எவ்வாறு கைகூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எது முதலில்?

தட்டச்சு கற்போர் பலர் முதலில் எழுப்பும் வினா, ‘நிமிடத்திற்கு எத்தனை சொற்கள்?’ என்பதாகும். ‘எத்தனை பிழைகள்?’ என்னும் வினா பின்னரே எழுகிறது. இவ்வரிசை மாற வேண்டும். பட்டாவில் புல எண்ணின் ஓர் இலக்கம் மாறினால் அதனைத் திருத்த உழவர் ஒருவர் தம் வேலையை விட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். ‘அறம்’ என்பது ‘அரம்’ என்றானால் பொருளே வேறாகும். தட்டுபவருக்கு அது நொடிப்பொழுதுப் பிழை. பெறுபவருக்கோ பல நாள் அலைச்சல்.

பிழை, விரைவுக்கும் பகையே. ஐந்து தட்டல்களை ஒரு சொல்லாகக் கணக்கிடுவது தட்டச்சு வழக்கம். நிமிடத்திற்கு 40 சொற்கள் என்றால் 200 தட்டல்கள். அவற்றுள் நூற்றுக்கு ஐந்து பிழையானால் பிழைகள் 10. அவற்றை அழிக்க 10 தட்டல்கள், மீண்டும் இட 10 தட்டல்கள் என 20 தட்டல்கள் கூடுகின்றன. அறுபட்ட கவனம் மீளும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை.

கண் தாளில், விரல் விசையில்

1888ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு தட்டச்சுப் போட்டி நடைபெற்றது. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான பிராங்க் மெக்கரின், விசைகளைப் பாராமலே தட்டினார். அவரை எதிர்த்த லூயி டிராப் பார்த்துத் தட்டினார். வெற்றி மெக்கரினுக்கே கிட்டியது. ஒவ்வொரு விரலுக்கும் உரிய விசைகளை வகுத்துக்கொண்டு, கண்ணைத் தாளை விட்டு அகற்றாமல் தட்டுவதே அவர் கையாண்ட முறை. இன்றும் விசைப்பலகையின் நடு வரிசையில் சுட்டுவிரல்களுக்குரிய இரு விசைகளின் மீது சிறு மேடுகள் உள்ளன. கண்ணின் துணையின்றி விரல்கள் தம் இடத்தை அறிவதற்கே அவை அமைந்துள்ளன.

தமிழுக்கு உரிய வழி

சென்னையில் 1999ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது ‘தமிழ்99’ விசைப்பலகை. இதில் உயிரெழுத்துகள் இடப்பக்கத்திலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கத்திலும் அமைந்துள்ளன. 12 உயிர், 18 மெய் ஆகியவற்றின் இடங்களை அறிந்தால் 216 உயிர்மெய்களையும் எழுதலாம். அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ தோன்றும். இடையிலுள்ள புள்ளி தானே அமையும். எழுத்திலக்கணமே இங்கு விசைகளின் ஒழுங்காகியுள்ளது. தமிழை ஆங்கில எழுத்துகளாக மாற்றித் தட்டுவோர், ண, ந, ன வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் அயல் எழுத்தின் வழியே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. தமிழில் எண்ணித் தமிழிலேயே தட்டுவது எளிது, பிழையும் குறையும்.

சிறுகச் சிறுக

பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி அளித்தபோது ஆலன் பேட்லி, லாங்மன் ஆகியோர் ஆய்வு ஒன்றை மேற்கொண்டு 1978இல் வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பயின்றோர், நான்கு மணி நேரம் பயின்றோரைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் அதே திறனை அடைந்தனர். ஆயினும், நாள்கள் மிகுதியானதால் தம் பயிற்சி முறையில் மனநிறைவு குன்றியவர்களும் அவர்களே. சிறப்பாகக் கற்கும் வழி, கற்கும்போது மெதுவாகத் தோன்றலாம் என்பதை இதனால் அறிகிறோம்.

எனவே, விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் தட்டுவதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் தட்டுவதே நன்று. முதலில் பிழையின்றித் தட்ட இயலும் வேகத்தில் தட்டுக. பிழைகளைக் குறித்து வைத்து, அடிக்கடி தவறும் எழுத்துகளைக் கொண்ட சொற்களைத் தனியே பயில்க. பிழை அருகிய பின்னரே வேகத்தைச் சற்று உயர்த்துக. மீண்டும் பிழை பெருகினால் தயங்காது வேகத்தைக் குறைத்துக்கொள்க.

பேசினால் எழுத்தாக்கும் கருவிகள் வந்தபின் இப்பயிற்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். அக்கருவிகள் பயனுடையனவே. எனினும், அவை தரும் எழுத்தில் ‘அலை’யா ‘அழை’யா எனத் தேர்ந்து திருத்துபவர் மனிதரே. நூலகத்திலும் வகுப்பறையிலும் உரக்கப் பேசி எழுதவும் இயலாது. அரசு தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சில் பெறும் சான்றிதழ் தட்டச்சர் பணிக்கு வழி திறப்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன் வேறொன்று உண்டு. விரல்கள் தாமே இயங்கும்போது, விசையைத் தேடிய மனம் சொல்லைத் தேடத் தொடங்குகிறது. எழுதுவோர்க்கு வேண்டிய விரைவு அதுவே.