தீசிஸ் பீரோவின் சாவி யாரிடம்?

உங்கள் வீட்டில் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் யாராவது இருக்கிறாரா? உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலாவது இருப்பார். அவர் நடமாடிக்கொண்டிருப்பதற்கு ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகம்தான் அது. 1921-ம் ஆண்டு பாண்டிங் என்ற டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். 1922 ஜனவரியில், டொரண்டோ பொது மருத்துவமனையில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சரிப்படவில்லை. காலிப் என்ற நிபுணர் மருந்தைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். மறு வருஷம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கோடிகளில் புரளவேண்டிய சமாச்சாரம்!

ஆய்வுக்கூடமும் வகுப்பறையும் நோயாளியின் கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் இது நடந்தது.

‘அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடக்கும் சார்’ என்று பெருமூச்சு விடாதீர்கள். நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. 1956-ல் இங்கே ஒரு காசநோய் ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு. ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தார்கள். நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மற்றவர்களுக்கு அதே மாத்திரையைக் கொடுத்து, நெரிசலான வீட்டிலேயே விட்டார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வைத்ததில் மெட்ராஸ் ஏழைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படிப்பட்ட தேசத்தின் இன்றைய லட்சணம் என்ன? 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, 579 மருத்துவக் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் கணக்கெடுத்தது. 2005 முதல் 2014 வரை பத்து வருஷத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வெளியிடாதவை 332. பாதிக்கும் மேல்! தனியார் கல்லூரிகளை அவற்றின் முதலாளிகள் கேட்டுக்கொள்ளட்டும். நம் வரிப்பணத்தில் நடப்பவற்றை நாம்தானே கேட்க வேண்டும்?

மருத்துவத்தில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் தீசிஸ் எழுதியே ஆகவேண்டும். அதற்காக உங்களையும் என்னையும் போன்றவர்கள் ரத்தம் கொடுக்கிறோம், ஸ்கேனுக்குப் படுக்கிறோம், நூறு கேள்விக்குப் பதில் சொல்கிறோம். பரீட்சை முடிந்ததும் அதில் பெரும்பாலானவை பைண்டு செய்யப்பட்டு பீரோவுக்குள் போய்விடுகின்றன. அப்புறம் கரையானுக்குத்தான் மருத்துவ அறிவு.

டாக்டர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. காலையில் புறநோயாளிகள் பிரிவில் வாசல்வரை கூட்டம். அதை முடித்து, வார்டு பார்த்து, வகுப்பு எடுத்து, அதன் பிறகு ஆராய்ச்சி என்றால் எந்த மனுஷனால் முடியும்? ஆனால், பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று விதி மட்டும் இருக்கிறது. விளைவு, காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் பத்திரிகைகள் கொழிக்கின்றன. அமைப்பும் அப்படித்தான். நம் மாநிலத்தில் மருத்துவமனையும் டாக்டர் நியமனமும் சுகாதாரத் துறை கையில். பரீட்சையும் பட்டமும் கிண்டியில் இருக்கும் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கையில். ஆராய்ச்சி? அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். வெள்ளையடிக்க வேண்டியது யார் என்று கடைசிவரை தெரியாது.

‘ஏழைகளைச் சோதனை எலிகளாக்கச் சொல்கிறீர்களா?’ என்று சிலர் கோபப்படலாம். நியாயமான பயம்தான். சம்மதம் கேட்காமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கக் கூடாது. நெறிமுறைக் குழு பெயரளவில் இருக்கக் கூடாது. ஆனால், ஒருவர் உடம்பிலிருந்து தகவலை வாங்கி, அதை யாருக்கும் பயன்படாமல் பூட்டி வைப்பது மட்டும் மரியாதையா? அதுதான் அவருக்குச் செய்யும் பெரிய அவமானம்.

அரசிடம் மூன்றே கேள்விகள். ஆராய்ச்சி செய்ய விரும்பும் அரசு டாக்டருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்கி, அந்த இடத்துக்கு இன்னொரு டாக்டரைப் போட முடியாதா? எல்லா தீசிஸையும், நோயாளிகளின் அடையாளத்தை நீக்கிவிட்டு, யாரும் படிக்கும்படி வெளியிட முடியாதா? என்ன கண்டுபிடித்தோம் என்று, ரத்தம் கொடுத்தவருக்கே புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுத முடியாதா?

இதற்கு ஆயிரம் கோடி தேவையில்லை. டொரண்டோக்காரர்கள் இன்சுலினையே ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். நாம் கேட்பது பீரோ சாவியைத்தான்.