விமர்சனத்தின் எழுவாய்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறையில் நடைபெறும் கருத்துரை அரங்கில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். மூத்த பேராசிரியர் ஒருவர், "மூன்றாம் இயலின் முடிவுக்குத் தரவு போதாது" என்கிறார். மேடையில் நிற்கும் மாணவர், "நன்றி ஐயா, திருத்திக்கொள்கிறேன்" என்று பணிவுடன் விடையளிக்கிறார். அவருடைய குறிப்பேட்டில் ஒரு சொல்லும் எழுதப்படுவதில்லை. பின்னர் அந்த மூன்றாம் இயல் மாதக்கணக்கில் திறக்கப்படாமலே கிடக்கிறது. பேராசிரியர் சொன்னது தரவைப் பற்றி. மாணவர் கேட்டது தம் தகுதியைப் பற்றி. வாயிலிருந்து செவிக்குச் செல்லும் வழியில் வாக்கியத்தின் எழுவாய் மாறிவிட்டது. வீட்டிலும் இதே இலக்கணந்தான். "குழம்பில் உப்புக் கூடிவிட்டது" என்பது "உனக்குச் சமைக்கத் தெரியாது" என்றே செவியில் விழுகிறது.

இதை மனவலிமைக் குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் சரியன்று. பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவு வழக்குகளைப் பற்றி எழுதி, 1987இல் தனி நூலாக வந்த ஆய்வை மொழியியல் மாணவர் அறிவர். கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழ் அதன் முதன்மைத் தரவுகளுள் ஒன்று. ஒவ்வொருவரும் பிறர்முன் காத்துக்கொள்ள விழையும் மதிப்பை, கோஃப்மனைப் பின்பற்றி, அவர்கள் 'முகம்' என்றனர். விமர்சனம் அம்முகத்தைத் தாக்கும் பேச்சுச்செயல்களுள் ஒன்று. தமிழ் பேசுவோருக்கு இதில் வியப்பில்லை: முகம் வாடுவதும், முகத்தில் அடித்தாற்போல் பேசுவதும், எந்த முகத்தோடு போவது என்று தயங்குவதும் அன்றாட வழக்குகளே. காயம் உண்மையானது. அதற்குப் பின் என்ன செய்வது என்பதே கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட நெறிமுறைகளின்படி, மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் தம் பணியை முன்வைக்க வேண்டும். விமர்சனத்தைக் கேட்பதற்கான அரங்கை விதியே அமைத்துத் தருகிறது. கேட்டதைக் கையாளும் முறையையோ பெரும்பாலும் யாரும் கற்பிப்பதில்லை. குறை சொல்பவரே உதவித்தொகைப் படிவத்தில் கையொப்பமிடுபவராகவும் இருக்கும்போது, "நன்றி ஐயா" என்பது ஏற்பாகாது. அது ஒரு கேடயம். உரையாடலைத் தொடங்க வேண்டிய இடத்தில் அது முடித்துவைக்கிறது.

இந்திய இலக்கண மரபில் இதற்கு மாறான முன்மாதிரி ஒன்று உண்டு. பாணினியின் ஏறத்தாழ 4,000 சூத்திரங்களைக் காத்தியாயனர் ஆராய்ந்து, பலவற்றின்மீது வார்த்திகங்கள் எழுதினார். சொல்லப்பட்டது, சொல்லாமல் விடப்பட்டது, பிழைபடச் சொல்லப்பட்டது ஆகிய மூன்றையும் ஆராய்வதே வார்த்திகம் என்பது மரபு தரும் விளக்கம். பின்வந்த பதஞ்சலி, அவ்வார்த்திகங்களைப் பல இடங்களில் மறுத்துப் பாணினியைக் காத்தார். சில இடங்களில் பாணினியின் சூத்திரமே தேவையற்றது என்றும் வாதிட்டார். மூவரையும் மரபு ஒரே வரிசையில் 'முனித்திரயம்' என்று போற்றுகிறது. குறை கண்டவர் பகைவராகவில்லை. குறை காணப்பட்டவர் சிறுமையுறவுமில்லை. மூவர் கருத்தும் வேறுபடும் இடத்தில், பின்னவர் கூற்றுக்கே வலிமை மிகுதி என்று பிற்கால இலக்கணிகள் வகுத்தனர்.

அந்த மூன்று பகுப்புகள் இன்றைய ஆய்வு மாணவருக்கும் உதவும். விமர்சனத்தைக் கேட்டவுடன் அதைச் சொன்னவரின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். எழுவாய் மாறாதிருக்க அதுவே முதற்காப்பு. இரண்டு நாள் கழித்து, அது எவ்வகையைச் சேர்ந்தது என்று பார்க்கலாம். சொன்னது பிழையா? அப்படியெனில் திருத்தம் வேண்டும். சொல்லாமல் விட்டதா? சேர்ப்பு வேண்டும். சொன்னது சரியாக இருந்தும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதா? வாக்கியத்தைத் தெளிவாக்க வேண்டும். கவனமாகப் படித்த ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால், அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று பொருள். இம்மூன்றிலும் அடங்காததை, காரணம் காட்டி மறுக்கலாம். மறுப்பும் மதிப்பின் ஒரு வடிவமே. ஆய்விதழ் மதிப்பீட்டாளருக்கு எழுதும் மறுமொழியில் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே ஏற்போ காரணத்துடன் கூடிய மறுப்போ இடம்பெறுவது இதனால்தான். எல்லாவற்றையும் ஏற்பவர் எதையும் எடைபோடவில்லை.

"உங்களுக்கு மொழியியலே வராது" போன்ற கூற்றுகளும் அரங்குகளில் எழுவதுண்டு. இங்கே எழுவாயை மாற்றியவர் சொன்னவரே. "எந்தப் பக்கத்தைக் குறிப்பிடுகிறீர்கள்?" என்ற அமைதியான வினா இதற்குப் போதும். பக்கம் சுட்டப்பட்டால் அது விமர்சனம். கடுமையை நீக்கிவிட்டுப் பயனை எடுத்துக்கொள்ளலாம். சுட்ட இயலாவிடில் அது வசை. குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை.

ஆனால் அந்த வினாவை எழுப்பும் துணிவை மாணவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது. அதிகாரம் யார் பக்கம் உள்ளதோ, பொறுப்பும் அவர் பக்கமே மிகுதி. "நான் சொன்னதில் எது உங்களுக்கு உடன்பாடில்லை?" என்று ஒரு பேராசிரியர் அரங்கில் கேட்டுவிட்டால், கேடயங்கள் கீழே இறங்கும். தம் சொந்தக் கட்டுரையின் வரைவை மாணவரிடம் கொடுத்துக் குறை காணச் சொல்லும் நெறியாளர், நூறு அறிவுரைகள் கற்பிக்காததைக் கற்பிக்கிறார். விமர்சனம் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பாயும் துறையில் காத்தியாயனர்கள் தோன்றமாட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு இருக்கையில் அமர்பவர்களே மிஞ்சுவார்கள்.