யூஜின் எஸ்மாண்ட்: வீரம் ஒரு கணக்கு, பொறுப்பு வேறு கணக்கு

போர்க் கதை என்றாலே ஜெயித்தவர்கள் கதைதான். நான் இங்கே சொல்லப் போவது ஒரு டார்பிடோகூட இலக்கில் படாத ஒரு தாக்குதலைப் பற்றி. அதற்குத் தலைமை தாங்கியவர் யூஜின் எஸ்மாண்ட், பிரிட்டிஷ் கடற்படை விமானி. அன்று அவருக்கு வயது 32.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1941 மே 24 இரவு, மோசமான வானிலையில், விக்டோரியஸ் என்ற விமானம்தாங்கிக் கப்பலிலிருந்து 9 ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களோடு கிளம்பி, ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைத் தாக்கியவர் இவர். ஒரு டார்பிடோ பட்டது. 9 விமானங்களும் திரும்பி வந்தன. அதற்காக டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது.

ஸ்வார்ட்ஃபிஷ் எப்படிப்பட்ட விமானம் தெரியுமா? இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடல், மேலே மூடி இல்லாத இருக்கைகள், மூன்று பேர். டார்பிடோவைச் சுமந்துகொண்டு போனால் வேகம் ரொம்பவே குறைவு. இருட்டில் போய் அடிக்கலாம். பட்டப்பகலில் போர் விமானங்களுக்கு நடுவே போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1942 பிப்ரவரியில் ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசனாவ், ப்ரின்ஸ் யூகன் ஆகிய மூன்று பெரிய ஜெர்மன் கப்பல்கள் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் இருந்தன. அவை ஆங்கிலக் கால்வாய் வழியாகச் சொந்த நாட்டுக்குத் தப்பிக்கப் பார்க்கும் என்று பிரிட்டிஷார் சரியாகவே ஊகித்தார்கள். ஆனால் பகலில் கிளம்பி டோவர் பக்கம் இரவில் கடக்கும் என்று நினைத்தார்கள். அதை நம்பித்தான் எஸ்மாண்ட் தன்னுடைய 6 ஸ்வார்ட்ஃபிஷ்களோடு தானே முன்வந்தார். அவர் ஒப்புக்கொண்டது இரவுத் தாக்குதலுக்கு.

ஜெர்மானியர்கள் தலைகீழாகச் செய்தார்கள். பிப்ரவரி 11 இரவு கிளம்பி, மறுநாள் நண்பகலில் டோவரைக் கடந்தார்கள். கண்காணிப்பு விமானங்களின் ரேடார் பழுதாகி, இரவு முழுக்க ஒருவர் கண்ணிலும் படவில்லை. காலையில் இரண்டு ஸ்பிட்ஃபயர் விமானிகள் கப்பல்களை நேரில் பார்த்தார்கள். ஆனால் வானொலியில் பேசக்கூடாது என்ற விதியால் தரையிறங்கிய பிறகுதான் சொன்னார்கள். கிட்டத்தட்ட நண்பகல் ஆகிவிட்டது.

மான்ஸ்டன் தளத்தில் எஸ்மாண்டுக்கு உத்தரவு வந்தது. பாதுகாப்புக்கு ஐந்து ஸ்குவாட்ரன் போர் விமானங்கள் வரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். நேரத்துக்கு வந்தது ஒன்றே ஒன்று, 10 ஸ்பிட்ஃபயர்கள். சில நிமிடம் பார்த்தார். இன்னும் காத்திருந்தால் கப்பல்கள் கைக்கு எட்டாமல் போய்விடும். கிளம்பினார். முந்தைய நாள்தான் பக்கிங்ஹாம் அரண்மனையில் அந்த டி.எஸ்.ஓ. பதக்கத்தை வாங்கியிருந்தார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்பல்களை நெருங்கும் முன்பே எஸ்மாண்டின் விமானம் வீழ்ந்தது. பின்னால் வந்த 5 விமானங்களும் திரும்பவில்லை. போனவர்கள் 18 பேர், உயிரோடு மீண்டவர்கள் 5 பேர். டார்பிடோ எதுவும் படவில்லை. அன்று பிற்பகல் சுமார் 240 குண்டுவீச்சு விமானங்களை அனுப்பினார்கள், அவையும் ஒன்றும் செய்யவில்லை. ஷார்ன்ஹார்ஸ்டும் க்னைசனாவும் வழியில் கண்ணிவெடிகளில் சிக்கிச் சேதமடைந்தன, ஆனாலும் மூன்று கப்பல்களும் ஜெர்மனி போய்ச் சேர்ந்தன.

எஸ்மாண்டுக்கு மறைவுக்குப் பின் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவுக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அது.

இதை நண்பர்களிடம் சொன்னால் இரண்டு விதமான பதில் வருகிறது. ஒன்று, "என்ன மாதிரி வீரன்யா!" இன்னொன்று, "ஒரு பிரயோஜனமும் இல்லாம 13 பேர் செத்ததுதான் மிச்சம், இதுல என்ன வீரம்?" எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகின்றன.

இரண்டாவது பதிலை முதலில் பார்ப்போம். லாபம் வந்தால்தான் வீரம் என்றால், தோற்ற பக்கத்தில் வீரனே இருக்க முடியாது. எஸ்மாண்ட் முட்டாள்தனமாகப் பாயவில்லை. தன் விமானத்தின் வேகம் அவருக்குத் தெரியும், எதிரே இருப்பது தெரியும். தான் மட்டும் சாகப் போவதில்லை, கூட 17 பேர் வருகிறார்கள் என்பதும் தெரியும். அவர்களை அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்காமல் முதல் விமானத்தில் போனார். அவர் தயங்கியிருந்தால் "கப்பலைத் தப்பவிட்டவன்" என்ற பெயர் காலத்துக்கும் நின்றிருக்கும். என்னைப் பொறுத்தவரை அவருடைய வீரம் அந்தச் சில நிமிடக் காத்திருப்பில் இருக்கிறது. வாக்குக் கொடுத்த உதவி வரவில்லை என்று தெரிந்த பிறகும் எடுத்த முடிவு அது.

ஆனால் முதல் பதில்தான் அதிக ஆபத்தானது. காமர்ஸ் படிக்கிற எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கும் விஷயம், ஒரு கணக்கின் வரவை வைத்து இன்னொரு கணக்கின் நஷ்டத்தை மறைக்கக் கூடாது. எஸ்மாண்டின் வீரம் எஸ்மாண்டின் கணக்கு. இரவுக்கான திட்டத்தை அப்படியே பகலுக்கு மாற்றியது, ஒரு பக்கம் தெரிந்த செய்தி இன்னொரு பக்கம் போய்ச் சேராதது, ஐந்து ஸ்குவாட்ரன் என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் சேர்த்தது, இதெல்லாம் மேலே இருந்தவர்களின் கணக்கு. பதக்கம் கொடுத்தால் இந்த இரண்டாவது கணக்கு தீர்ந்துவிடாது. விசாரணைக் குழு அமைத்தார்கள்தான். ஆனால் அதன் அறிக்கை போர் முடிந்த பிறகு 1946-ல்தான் வெளியே வந்தது.

போரில் மட்டுமா இப்படி? எங்கே ஒருவர் பணியில் உயிரைக் கொடுத்தாலும் "வீர மரணம்" என்று ஒரு வார்த்தை சொல்லி, மாலை போட்டு, கோப்பை மூடிவிடுகிறோம். அவருக்குக் கொடுத்த கருவி சரியா, சொன்ன உதவி வந்ததா என்று கேட்டால், தியாகத்தைக் கொச்சைப்படுத்துகிறான் என்று கோபம் வருகிறது. உண்மையில் கேட்காமல் இருப்பதுதான் கொச்சைப்படுத்துவது. அடுத்து அதே இடத்தில் நிற்கப் போகிறவனுக்கு அந்தப் பதில்தான் பாதுகாப்பு.

எஸ்மாண்டுக்கு வணக்கம் சொல்லுவோம், முழு மனதோடு. கூடவே, அந்த நண்பகலில் மீதி நாலு ஸ்குவாட்ரன் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்றும் கேட்போம்.