போனுக்குள் பிள்ளைக்கு என்ன வயது?

திருச்செங்கோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். புதுப் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேலையும் எங்கள் தலையில் விழும். “ஏனுங்ணா, அப்படியே ஒரு ஜிமெயில் போட்டுக் குடுத்துருங்க.” பெயரைக் கேட்போம், பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். பிறந்த தேதியை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஜனவரி 1, வருஷம் 1988 அல்லது 1990, எது விரலுக்கு வாகாக வருகிறதோ அது. எனக்குத் தெரிந்த கடைகளில் எல்லாம் இதுதான் வழக்கம்.

அந்தப் போன் அன்று சாயந்தரமே ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் கைக்குப் போகிறது. கூகுளைப் பொறுத்தவரை அவள் முப்பத்தைந்து தாண்டிய ஆள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று இன்று இருக்கும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தேதியை நம்பித்தான் நிற்கின்றன. இன்ஸ்டாகிராம் 13 வயதுக்குக் கீழே கணக்கு தராது. 18க்குக் கீழே என்றால் கணக்கைத் தானாகவே பிரைவேட்டில் வைக்கும், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப விடாது. 16 வயது நிரம்பாதவர் இதைத் தளர்த்த வேண்டுமானால் அப்பாவோ அம்மாவோ சம்மதிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்க வகை செய்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றுவிட்டது. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று டிவி விவாதங்களில் பேசுகிறார்கள். வரட்டும். முப்பத்தைந்து வயதுக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அந்தச் சட்டம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

“போனே குடுக்காதீங்க” என்பது சுலபமான அறிவுரை. எங்கள் ஊரில் பாதி வீடுகளின் பிழைப்பு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஓடுகிறது. போர் போடப் போன அப்பாக்கள் மாதக்கணக்கில் வட மாநிலங்களில் கிடக்கிறார்கள். ராத்திரி வீடியோ காலில்தான் பிள்ளைகள் அப்பா முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்ல எனக்கு வாய் வராது.

அவரிடம் வேறு ஒன்றைச் சொல்வேன். போன் பிள்ளைக்கென்றே வாங்குவதானால், உண்மையான பிறந்த தேதியில் பிள்ளை பேரிலேயே கணக்குத் தொடங்கி, கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாக உங்கள் போனோடு இணைத்துவிடுங்கள். எந்த ஆப் இறங்கினாலும் உங்கள் அனுமதி கேட்கும், ராத்திரி நீங்கள் வைத்த நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். காசு கிடையாது. கடைக்கு வாங்கிவரச் சொன்ன டீ வந்து சேர்வதற்குள் முடிகிற வேலை. போன் அம்மாவுடையது, பிள்ளை கொஞ்ச நேரம்தான் எடுக்கிறது என்றால், பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் பெற்றோர் கட்டுப்பாடு என்று இருப்பதற்கு ஒரு பின் நம்பர் போட்டு, பிள்ளையின் வயதுக்கேற்ற வரம்பைத் தேர்ந்து வைத்தாலே வயதுக்கு மீறிய ஆப்கள் இறங்காது. சக கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: போன் யாருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பள்ளிக்கூடங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. காலை வழிபாட்டில் “போனைத் தொடாதே” என்கிறார்கள். ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். பிள்ளை அதைப் பார்த்து எழுத வேண்டுமே, போன் யார் கையில் இருக்கும்? ஆறு வரி வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி டைரியில் எழுதிக்கொள்ளச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வகுப்பு குரூப்பைத் திறந்தால் ஐம்பது அம்மாக்களின் நம்பர் எல்லோருக்கும் தெரிகிறது. அதில் பாதிப் பேரின் முகப்புப் படம் பிள்ளையின் முகம். வாட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி என்று ஒரு வசதி இருக்கிறது. அதன் அறிவிப்புக் குழுவில் செய்தி போட்டால் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஆண்டு விழா முடிந்த மறுநாள் பரிசு வாங்கிய பெண்ணின் படத்தைப் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றுகிறார்கள். பள்ளிக்கு விளம்பரம், அம்மாவுக்குப் பெருமை, சரி. ஆனால் இன்று ஒரு முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டவைக்கத் தெளிவான ஒரே ஒரு போட்டோ போதும். பரிசைப் பாராட்டுங்கள், கூட்டமாக எடுத்த படத்தைப் போடுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். சில சமயம் ஒரு அப்பா முகம் கறுத்து வந்து, “தம்பி, இதை மொத்தமா ஃபார்மட் அடிச்சுக் குடு” என்பார். அழுத முகத்தோடு பிள்ளை தெருவில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும். கேம் ஆடும்போது பழகியவன் படம் கேட்டிருப்பான், இப்போது பணம் கேட்கிறான், இல்லையென்றால் எல்லோருக்கும் அனுப்புவேன் என்கிறான். பையன்களும் இதில் மாட்டுகிறார்கள், அவர்கள் இன்னும் வாயைத் திறப்பதில்லை. சொன்னால் போன் போய்விடும், அடி விழும், படிப்பு நின்றுவிடும் என்ற பயம்தான் மிரட்டுகிறவனின் மூலதனம்.

ஃபார்மட் அடிக்காதீர்கள். அவனைப் பிடிக்க இருக்கும் ஆதாரம் முழுக்க அந்தப் போனில்தான் இருக்கிறது: பேசிய சாட், கணக்கின் பெயர், நம்பர், பணம் போன விவரம். பணம் கொடுத்து முடிக்கவும் பார்க்காதீர்கள், மறுபடி கேட்பான். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று சொல்லி உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பினால், அனுப்பியவர்மீதே வழக்கு வரலாம். போனையே நேராகப் போலீசிடம் காட்டுங்கள்.

பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவை நினைவூட்டுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. பேர் வெளியே வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஸ்டேஷன் படியேறத் தயக்கமாக இருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் செய்யலாம். பணம் போயிருந்தால் 1930க்கு உடனே அழையுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே அழைக்கவும் ஒரு எண் இருக்கிறது: 1098. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.